பழைய லாரியைப் புதுப்பித்தல்: ஃபோர்டு டிடியும் முதல்முறை ஆர்வலரும்

பழைய லாரியைப் புதுப்பித்தல் என்பது, உழைத்து ஓய்ந்து ஒதுக்கப்பட்ட சரக்கு வண்டி ஒன்றைப் பிரித்து, பழுது நீக்கி, மீண்டும் ஓடும் நிலைக்குக் கொண்டுவரும் பொழுதுபோக்கு ஆகும். பழைய கார்களைப் புதுப்பிக்கும் பழக்கத்திலிருந்து பிறந்ததே இதுவும். ஆயினும் இரண்டுக்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. காரைப் புதுப்பிப்பவருக்கு, அந்தக் கார் ஆலையிலிருந்து வெளிவந்தபோது எப்படி இருந்தது என்ற ஒரு முன்மாதிரி கிடைக்கிறது. லாரியை எடுப்பவருக்குப் பல நேரங்களில் அப்படி ஒன்று இருப்பதே இல்லை. முதன்முறையாக இந்தப் பணியில் இறங்குபவர்கள் அதிகம் தேர்ந்தெடுக்கும் வண்டிகளில் ஒன்றான அமெரிக்காவின் ஃபோர்டு டிடி இதற்கு நல்ல சான்று.

சேசிஸ் மட்டும் விற்ற காலம்

ஃபோர்டு நிறுவனம் 1908-இல் மாடல் டி காரை வெளியிட்டது. மலிவான, எளிதில் பழுது பார்க்கத்தக்க அந்தக் காரை உழவர்களும் சிறு வணிகர்களும் வாங்கி, பின்பக்கத்தில் பெட்டி கட்டிச் சரக்கு ஏற்றத் தொடங்கினர். காரின் பின்பகுதியை நீட்டி லாரியாக்கும் இணைப்புச் சாதனங்களை வேறு நிறுவனங்கள் விற்றன. சிகாகோவின் 'ஸ்மித் ஃபார்ம்-ஏ-டிரக்' அவற்றுள் பெயர் பெற்றது. தன் காரை வெட்டிப் பிறர் லாரி செய்து காசு பார்ப்பதைச் சில ஆண்டுகள் பார்த்திருந்த ஃபோர்டு, 1917 ஜூலையில் தானே ஒரு டன் லாரியை அறிவித்தது. அதுவே மாடல் டிடி.

காரில் இருந்த அதே 2.9 லிட்டர், 20 குதிரைத்திறன் எஞ்சின்தான் இதிலும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான தூரம் மட்டும் 100 அங்குலத்திலிருந்து 124 அங்குலமாக நீண்டது. சட்டம் கனத்தது. பின் ஆக்சிலில், திருகு போன்ற தண்டு ஒன்று வெண்கலப் பற்சக்கரத்தைச் சுழற்றும் 'வார்ம்' அமைப்பு வந்தது. இதனால் இழுவை கூடியது, வேகம் குறைந்தது. வழக்கமான பல் விகிதம் கொண்ட வண்டிக்கு மணிக்கு 24 கிலோமீட்டர் அளவே பொருத்தமான வேகம். நல்ல சைக்கிள்காரர் ஒருவர் இதை முந்திவிடலாம்.

தொடக்க விலை 600 டாலர். அந்தப் பணத்துக்குக் கிடைத்தது சேசிஸ் மட்டுமே: சட்டம், எஞ்சின், சக்கரங்கள், முன்முகப்பு. ஓட்டுநர் உட்காரும் கூண்டும் சரக்குப் பெட்டியும் வாங்கியவர் பொறுப்பு. ஊர்த் தச்சர், வண்டி செய்பவர், உடல் கட்டும் பட்டறை என யார் கைக்குப் போனதோ அவர் வழக்கப்படி வண்டி உருப்பெற்றது. பால் வண்டி, நிலக்கரி வண்டி, தீயணைப்பு வண்டி, கோதுமை மூட்டை ஏற்றும் திறந்த மேடை என ஒரே சேசிஸ் பல உருவம் எடுத்தது. 1924 வாக்கில்தான் ஃபோர்டு தன் ஆலையிலேயே கட்டிய உடல்களைப் பரவலாகத் தரத் தொடங்கியது. 1927-இல் மாடல் டி வரிசை முழுதும் நிற்பதற்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட டிடி லாரிகள் வெளிவந்திருந்தன.

மிஞ்சியவை ஏன் குறைவு

பத்து லட்சத்தில் இன்று காணக் கிடைப்பவை மிகச் சொற்பம். குடும்பக் கார் ஞாயிற்றுக்கிழமை வெளியே வந்து மற்ற நாள்களில் கொட்டகையில் நின்றது. லாரி ஒவ்வொரு நாளும் அளவுக்கு மீறிய பாரத்துடன் ஓடியது. ஓடாத நிலை வந்ததும் அதன் எஞ்சினைக் கழற்றி மரம் அறுக்கும் இயந்திரத்துக்கோ தண்ணீர் இறைக்கவோ வைத்துக்கொண்டனர். சேசிஸை வெட்டிச் சிறு டிராக்டர் செய்தவர்களும் உண்டு. எஞ்சியவற்றில் பெரும்பகுதியை இரண்டாம் உலகப் போர் விழுங்கியது. 1942-இல் அமெரிக்கா முழுதும் நடந்த பழைய இரும்புச் சேகரிப்பில், பண்ணை ஓரங்களில் துருப்பிடித்துக் கிடந்த வண்டிகள் உருக்காலைக்குச் சென்றன. லாரியை நினைவுப் பொருளாகக் கருதிக் காப்பாற்ற அப்போது எவருக்கும் தோன்றவில்லை. உழுது களைத்த கலப்பையை யார் கூடத்தில் வைத்துக் கும்பிடுகிறார்கள்?

கார்களுக்கு முந்திய மரியாதை

பழைய கார்களைப் போற்றும் அமைப்புகள் இதற்குள் தோன்றிவிட்டன. பிரிட்டனில் 1930-இலும் அமெரிக்காவில் 1935-இலும் இத்தகைய சங்கங்கள் பிறந்தன. லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் அந்த மதிப்பு வர மேலும் கால் நூற்றாண்டு ஆயிற்று. பிரிட்டனில் பழைய வணிக வாகனங்களுக்கான சங்கம் 1958-இல் அமைந்தது. லண்டனிலிருந்து பிரைட்டன் வரையிலான அதன் ஆண்டு ஊர்வலம் 1962-இல் தொடங்கியது. அமெரிக்க லாரி வரலாற்றுச் சங்கம் 1971-இல்தான் வந்தது. லாரி ஓட்டுநர்களும் அவர்கள் பிள்ளைகளும் இந்த இயக்கத்துக்குப் பெரும் வலு சேர்த்தனர். தந்தை ஓட்டிய வண்டியைத் தேடி அலைந்து வாங்குவது இவர்களிடையே வழக்கமான கதை.

முதல்முறை எடுப்பவர் எதிர்கொள்பவை

டிடி புதியவர்களுக்கு ஏற்றது எனக் கருதப்படுவதற்குக் காரணம் அதன் எளிமை. எண்ணெய் பம்பு கிடையாது. சுழலும் பாகங்களே எண்ணெயை வாரித் தெளித்துக்கொள்ளும். எண்ணெய் அளவைப் பார்க்க, வண்டியின் அடியில் படுத்து இரண்டு சிறு குழாய்களில் எது ஒழுகுகிறது என்று திறந்து பார்க்க வேண்டும். பெட்ரோல் பம்பும் கிடையாது. இருக்கைக்கு அடியில் உள்ள தொட்டியிலிருந்து பெட்ரோல் தானே இறங்கி வருகிறது. ஆகவே, தொட்டியில் எரிபொருள் குறைந்திருக்கும்போது செங்குத்தான மேடு வந்தால், வண்டியைத் திருப்பிப் பின்னோக்கி ஏற்றியவர்கள் உண்டு. ஒன்றரைக் கோடி மாடல் டி வாகனங்கள் ஓடியதால், எஞ்சின் பாகங்கள் இன்றும் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. டிடிக்கே உரிய பின் ஆக்சில் பாகங்கள்தாம் கிடைப்பது அரிது. வெண்கலப் பற்சக்கரம் தேய்ந்த வண்டியை மலிவு விலைக்கு வாங்கியவர் பின்னர் அந்த ஒரு சக்கரத்துக்காக ஆண்டுக்கணக்கில் அலைய நேரிடும்.

புதியவர் செய்யும் முதல் தவறு, ஆர்வ மிகுதியில் ஒரே மூச்சில் முழு வண்டியையும் பிரித்துப் போடுவது. பிரிப்பது ஒரு வார வேலை. சேர்ப்பது பல ஆண்டு வேலை. இடையில் பணமோ பொறுமையோ தீர்ந்தால், பெட்டி பெட்டியாகப் பாகங்கள் மட்டும் மிஞ்சும். விற்பனைக்கு வரும் பழைய வண்டிகள் பலவும் முந்தைய ஆர்வலர் ஒருவர் பாதியில் விட்டவையே. அதனால் அனுபவசாலிகள் சொல்லும் வரிசை வேறு: முதலில் படம் எடு, கழற்றும் ஒவ்வொன்றிலும் சீட்டுக் கட்டு, எஞ்சினை வண்டியிலேயே வைத்து ஓட வைக்க முடியுமா என்று பார், பிறகு பிரேக்கும் சக்கரமும், பெயின்ட் கடைசியில்.

பல்லாண்டு நின்ற எஞ்சினில் பிஸ்டன்கள் இறுகிப் போயிருக்கும். துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி வாரக்கணக்கில் ஊற வைப்பதே வழி. கிராங்கில் இரும்புக் குழாய் மாட்டி வலிந்து திருகினால் முறியக்கூடியவை அதிகம். பேரிங்குகள் பாபிட் எனப்படும் மென்மையான உலோகக் கலவையை உருக்கி ஊற்றிச் செய்யப்பட்டவை. அவை தேய்ந்திருந்தால் மீண்டும் ஊற்ற வேண்டும். அந்தக் கைவேலை தெரிந்த பட்டறைகள் சிலவே. மின்பொறிக்கு நான்கு சிறு மரப்பெட்டிகள் உள்ளன. அவற்றுள் கீல் ஊற்றி அடைக்கப்பட்ட பழைய காகித மின்தேக்கிகள் கெட்டுப் போயிருக்கும். கீலைச் சுரண்டி எடுத்துப் புதிய மின்தேக்கியை உள்ளே மறைத்து வைப்பது, தோற்றம் கெடாமல் உயிர் கொடுக்கும் வேலைக்கு எடுத்துக்காட்டு.

மரச் சக்கரம் நம் வாசகர்களுக்குப் புதிதன்று. மாட்டுவண்டிச் சக்கரத்தைப் போல இதிலும் குடம், ஆரக்கால், வட்டை உண்டு. காய்ந்த ஆரக்கால் சுருங்கி ஆடத் தொடங்கும், ஓடும்போது கிறீச்சிடும். தண்ணீரில் ஊற வைத்தால் ஒலி அடங்கும், ஆனால் காய்ந்ததும் பழைய தளர்வே திரும்பும். பாரம் ஏற்றிய வண்டி வளைவில் திரும்பும்போது இத்தகைய சக்கரம் நொறுங்கினால் உயிருக்கே ஆபத்து. எனவே தளர்ந்த ஆரக்கால்களை முழுதும் மாற்றுவதே சரியானது.

ஓட்டும் முறையும் தனி. மூன்று மிதிகள் இருந்தாலும் அவற்றுள் எதுவும் இன்றைய ஆக்சிலரேட்டர் அன்று. இடது மிதியை முழுதும் அழுத்தினால் கீழ் கியர், விட்டால் மேல் கியர். நடு மிதி பின்னோக்கிச் செல்ல. வலது மிதி பிரேக். வேகம் கூட்டுவது ஸ்டீயரிங்கின் வலப்பக்கக் கைப்பிடி. இடப்பக்கக் கைப்பிடி, தீப்பொறி விழும் நேரத்தை மாற்றுவது. கிராங்க் சுற்றுமுன் இதை மேலே தள்ளிப் பொறியைத் தாமதமாக்க மறந்தால், எஞ்சின் எதிர்த்து உதைத்துக் கிராங்க் திரும்பி வரும். அந்நாளில் மணிக்கட்டு முறிந்தவர்கள் பலர். கட்டை விரலைப் பிடியைச் சுற்றி மடக்காமல், இடது கையால் மேல்நோக்கி இழுக்க வேண்டும் என்ற விதி அப்படி வந்ததே.

இவற்றையெல்லாம்விடக் கவனிக்க வேண்டியது பிரேக். காலால் மிதிக்கும் பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை, எஞ்சினுடன் சேர்ந்த கியர் பெட்டிக்குள் ஓர் உருளையைப் பிடிக்கிறது. இரண்டே கியர் போதாமல் வண்டிக்காரர்கள் பலர் பின்னால் துணைக் கியர் பெட்டி ஒன்றைப் பொருத்தினர். இறக்கத்தில் அந்தத் துணைக் கியர் நழுவி நடுநிலைக்குப் போனால், எஞ்சினுக்கும் பின் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்து, கால் பிரேக் இருந்தும் இல்லாததாகிவிடும். கைப்பிடியால் இயங்கும் சிறிய பின் பிரேக் மட்டுமே மிஞ்சும். பளபளப்பான பெயின்டுக்கு முன் பின் சக்கரப் பிரேக்கைச் சீராக்குபவரே நல்ல ஆர்வலர்.

எந்த வண்டி அசல்?

எஞ்சின் ஓடியபின் எழும் கேள்வி கடினமானது. உடல் முழுதும் உளுத்துப்போன டிடி ஒன்றுக்கு எந்த உடலைக் கட்டுவது? ஆலை வரைபடம் இல்லை. பழைய படங்களைப் பார்த்து அழகான ஒன்றைத் தேர்ந்து கட்டிவிடுவது எளிது; பலரும் அதையே செய்கின்றனர். அதனால் கண்காட்சிகளில் ஒரே மாதிரியான பளபளக்கும் வண்டிகள் பெருகுகின்றன. அவை ஒருபோதும் வேலை செய்யாதவை போலத் தோற்றமளிக்கின்றன.

அழிவது பெரும்பாலும் முதல் வாரத்திலேயே நிகழ்ந்துவிடுகிறது. பழைய லாரியின் கதவில் உரிமையாளரின் பெயர், ஊர், தொழில் எழுதப்பட்டிருக்கும். அதன்மேல் அடுத்த உரிமையாளர் வேறு நிறம் பூசியிருப்பார். ஈரமான மெல்லிய தேய்ப்புத் தாளால் பொறுமையாகத் தேய்த்தால் கீழே உள்ள எழுத்துகள் நிழலாக எழும். மின்கருவியால் இரும்பு தெரியும்வரை சுரண்டியவருக்கு அந்தப் பெயர் இருந்ததே தெரியாமல் போகும். பழைய பெயின்டில் ஈயம் இருப்பதால் உலர்ந்த தூசியைக் கிளப்புவது உடலுக்கும் கேடு. மரப் பலகையில் பதிந்த சங்கிலித் தடம், உடைந்த இடத்தில் கொல்லர் அடித்த இரும்புப் பட்டை ஆகியவை குறைகளா, சான்றுகளா என்பதை வண்டி முன் நிற்பவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

உலகப் பழைய வாகனக் கூட்டமைப்பான ஃபீவா 2012-இல் ஏற்ற டூரின் சாசனம் இதில் ஒரு பக்கம் நிற்கிறது. கட்டடங்களைக் காப்பதற்கான 1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனத்தை முன்மாதிரியாகக் கொண்ட இது, புதிதாக்குவதைவிட உள்ளதைக் காப்பதற்கே முதலிடம் தருகிறது. செய்த மாற்றங்களைப் பதிவு செய்யவும் சொல்கிறது. லாரிகளைப் பொறுத்தவரை இது நியாயமான நிலை. டிடியின் வரலாறு ஆலை வாசலில் முடியவில்லை, அங்குதான் தொடங்கியது.

இந்தியாவில்

இந்திய லாரிகளுக்கும் இதே சிக்கல் உண்டு. இங்கும் ஆலைகள் நெடுங்காலம் சேசிஸையே விற்றன. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரப் பட்டறைகள் மரத்திலும் தகட்டிலும் உடல் கட்டின. லாரியின் ஆயுளில் உடல் இரண்டு மூன்று முறை மாறுவது இயல்பு. 1950-களில் எண்ணூரில் உருவான லேலண்டு காமெட் போன்ற வண்டிகள் பெரும்பாலும் காயலான் கடைகளில் முடிந்தன.

மத்திய அரசு 2021 ஜூலையில் வெளியிட்ட விதிகள், 50 ஆண்டு கடந்த பழைய வாகனங்களுக்கு 'விஏ' என்ற எழுத்துகள் கொண்ட தனிப் பதிவு எண்ணை வழங்குகின்றன. புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் இச்சலுகை வணிக நோக்கமற்ற, சொந்தப் பயன்பாட்டு இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்கு உரியது. சேசிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் நடந்திருக்கக் கூடாது என்பதும் நிபந்தனை. காரை மனத்தில் வைத்து எழுதப்பட்ட விதி இது. சங்ககிரியில் மூன்றாம் முறையாக உடல் கட்டிய லாரிக்கு எந்த உடல் அசல் என்று அது சொல்லவில்லை.