635318657 (எண்)
635318657 (அறுபத்து மூன்று கோடியே ஐம்பத்து மூன்று இலட்சத்துப் பதினெட்டாயிரத்து அறுநூற்று ஐம்பத்தேழு) என்பது ஓர் ஒற்றைப்படை இயல் எண் ஆகும். இரண்டு நேர் முழு எண்களின் நான்காம் அடுக்குகளின் கூட்டுத்தொகையாக இரு வெவ்வேறு வழிகளில் எழுதத்தக்க எண்களுள் மிகச் சிறியது இதுவே.

635318657 = 133⁴ + 134⁴ = 59⁴ + 158⁴

வரலாறு

இந்தச் சமன்பாடு 18ஆம் நூற்றாண்டுக் கணிதவியலாளர் லியோனார்டு ஆய்லர் அறிந்திருந்த ஒன்றாகும். தமிழ் வாசகர்களுக்கு இவ்வெண் சீனிவாச இராமானுசன் வழியாகவே நெருக்கமானது. இலண்டனின் பட்னி பகுதியில் நோயுற்றிருந்த இராமானுசனைக் காணச் சென்ற ஜி. எச். ஹார்டி, தாம் வந்த வாடகை வண்டியின் எண்ணான 1729 சிறப்பற்றது என்றார். இராமானுசன் அதை மறுத்து, இரு கனங்களின் கூட்டலாக இரு வழிகளில் எழுதத்தக்க மிகச் சிறிய எண் அது என்றார் (1³ + 12³ = 9³ + 10³). இந்நிகழ்ச்சி பலரும் அறிந்ததே. அதன் தொடர்ச்சி அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. நான்காம் அடுக்குகளுக்கு அத்தகைய எண் எது என்று ஹார்டி கேட்டார். இராமானுசன் சற்று யோசித்து, உடனே புலப்படும் எடுத்துக்காட்டு ஏதுமில்லை என்றும், முதலாவது எண் மிகப் பெரியதாக இருக்கும் என்றும் விடையளித்தார். அவரது கணிப்பு சரியே: 635318657 ஆனது 1729 ஐப் போல் ஏறத்தாழ 3 இலட்சத்து 67 ஆயிரம் மடங்கு பெரியது.

இதுவே மிகச் சிறியது என்பதை ஜான் லீச் 1957இல் காட்டினார். 159⁴ = 639128961 இவ்வெண்ணை விடப் பெரியது. ஆகவே 1 முதல் 158 வரையுள்ள எண்களாலான 12,561 இணைகளைச் சோதித்தால் போதும். இன்றைய கணினிக்கு இது ஒரு நொடி வேலை கூட இல்லை. காகிதத்தில் செய்ய முனைபவருக்கோ பல நாள் வேலை.

காரணிகள்

நான்காம் அடுக்கு என்பது வர்க்கத்தின் வர்க்கம். எனவே மேற்கண்ட சமன்பாட்டைப் பின்வருமாறும் எழுதலாம்:

17689² + 17956² = 3481² + 24964²

இரு வர்க்கங்களின் கூட்டலாக இரு வழிகளில் எழுத முடிகிற எண் பகா எண்ணாக இருக்க இயலாது. அத்தகைய எண்ணைக் காரணிப்படுத்தும் முறையும் ஆய்லருடையதே. ஒற்றை எண்களின் வேறுபாடு 14208, இரட்டை எண்களின் வேறுபாடு 7008. இவற்றின் மீப்பெரு பொது வகுஎண் 96. அவற்றின் கூட்டுத்தொகைகள் முறையே 21170, 42920. இவற்றின் மீப்பெரு பொது வகுஎண் 290. இந்த 96, 290 ஆகியவற்றின் பாதிகளைக் கொண்டு 48² + 145² = 23329 என்ற காரணி கிடைக்கிறது. மற்றொரு காரணி 27233. இவற்றை மேலும் பிரிக்க,

635318657 = 41 × 113 × 241 × 569

இந்நான்கு பகா எண்களையும் 8 ஆல் வகுத்தால் மீதி 1. இது தற்செயலன்று, பொதுக் காரணியற்ற இரு எண்களின் நான்காம் அடுக்குகளின் கூட்டலை வகுக்கும் ஒற்றைப் பகா எண் எதுவும் இவ்வாறே அமையும்.

பிற பண்புகள்

எந்தப் பகாக் காரணியும் மீண்டும் வராததால் இது வர்க்கக் காரணியற்ற எண். இதற்கு 16 வகுஎண்கள் உள்ளன. தன்னை நீக்கிய வகுஎண்களின் கூட்டுத்தொகை 25138063 மட்டுமே. ஆதலால் இது ஒரு குறைவெண். இரு வர்க்கங்களின் கூட்டலாக இதனை மொத்தம் 8 வழிகளில் எழுதலாம். இரும முறையில் 30 இலக்கங்கள் கொண்டது.

இரு நான்காம் அடுக்குகளின் கூட்டலாக மூன்று வழிகளில் எழுதத்தக்க எண் எதுவும் இதுவரை அறியப்படவில்லை. ஐந்தாம் அடுக்குகளுக்கோ இரு வழிகளில் எழுதத்தக்க எண்கூடக் கண்டறியப்படவில்லை.