புலிக்குத் தெரியாத ஒன்று

ரைஃபிளுக்கு எந்த ஸ்கோப் நல்லது என்று கேட்டால் இன்று ஆயிரம் பதில் கிடைக்கும். 1930 ஏப்ரல் 11 அன்று குமாயுன் மலையில் ஜிம் கார்பெட்டுக்கு அது எதற்கும் உதவியிருக்காது. ஸ்கோப் தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டும். புதருக்குள் இருப்பதைக் காட்டாது. அவர் தேடிப்போனது 64 பேர் சாவோடு தொடர்புடைய சௌகர் ஆட்கொல்லிகளில் மிஞ்சியிருந்த பெண்புலியை.

அவர் நம்பியது காற்றை. மனுஷனுக்கு மோப்பம் பிடிக்கத் தெரியாது என்பது புலிக்குத் தெரியாது. மானை நெருங்குவது போலவே, தன் வாடை எட்டாத பக்கமாகத்தான் நம்மையும் நெருங்கும். அதாவது, காற்று முகத்தில் அடித்தால் ஆபத்து முதுகுக்குப் பின்னால். அதனால் கார்பெட் எதிர்காற்றில் நேராகப் போகமாட்டார்; குறுக்கும் மறுக்குமாக வளைந்து போவார். ஆபத்து இடமும் வலமுமாக மாறிக்கொண்டிருக்கும்.

இத்தனை கணக்கு தெரிந்தவர்தான். அன்று ஒரு பாறையைத் தாண்டித் திரும்பிப் பார்த்தால், பின்னால் எட்டடியில் புலி! இடது கையில் வழியில் எடுத்த பறவை முட்டைகள். ஒரே கையால் .275 ரைஃபிளை மெதுவாகத்தான் திருப்ப முடிந்தது. இரண்டு கையும் காலியாக இருந்து சட்டென்று திரும்பியிருந்தால் புலி பாய்ந்திருக்கும் என்று பிறகு அவரே எழுதினார்.

சுட்டு முடித்ததும் முட்டைகளைக் கூட்டிலேயே கொண்டுபோய் வைத்தார்.