தனுஷ்கோடிக்குப் போகும் முன் கொஞ்சம் வரலாறு

தீபாவளி முடிந்ததும் பட்டாசு ஆலைகள் சில நாட்கள் மூடியிருக்கும். நம் பகுதிக் குடும்பங்கள் மூச்சு விடுவதும், கணவன் மனைவியாக இரண்டு நாள் வெளியூர் போய் வருவதும் அப்போதுதான். ஆலங்குளத்திலிருந்து சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை, பரமக்குடி வழியாக இராமேஸ்வரம் போகிறவர்கள் நம் குடியிருப்பிலேயே பலர் உண்டு. அவர்களுக்காகவே இந்தக் கட்டுரை.

நம் பெற்றோர் காலத்தில் 'சுற்றுலா' என்ற சொல்லே வீட்டில் புழங்கியதில்லை. தம்பதியாகச் சேர்ந்து போகும் பயணம் என்றால் கோயில் பயணம்தான். தனுஷ்கோடியில் கணவனும் மனைவியும் கைகோத்துக் கடலில் மூழ்கி எழுவது சேது ஸ்நானம். காசிக்குப் போனவர்களும் இங்கே நீராடினால்தான் யாத்திரை நிறைவு பெறும் என்பார்கள்.

1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு மார்ச்சில் தனுஷ்கோடிக்கும் இலங்கையின் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. சென்னையிலிருந்து 'போட் மெயில்' ரயிலில் வந்து, கப்பல் ஏறி, அக்கரையில் மீண்டும் ரயில் பிடித்துக் கொழும்பு போகலாம். ரயில் நிலையம், சுங்க அலுவலகம், தபால் நிலையம், பள்ளி, சர்ச், கோயில் என்று எல்லாம் உள்ள ஊராகத் தனுஷ்கோடி இருந்தது.

1964 டிசம்பர் 22. நடிகர் ஜெமினி கணேசனும் நடிகை சாவித்திரியும் அன்று தனுஷ்கோடியைப் பார்த்துவிட்டு இராமேஸ்வரம் திரும்பினார்கள். அன்றிரவு இலங்கையைக் கடந்து வந்த புயல் தனுஷ்கோடியைத் தாக்கியது. திரும்பி வந்ததால் அந்தத் தம்பதி பிழைத்தார்கள்.

அதே இரவு 11.55 மணிக்குப் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு 653 எண் பாசஞ்சர் ரயில் புறப்பட்டது. பயணிகள் 110 பேர், ஊழியர்கள் 5 பேர். ஊரை நெருங்கும்போது சிக்னல் இல்லை. சிறிது நேரம் நின்ற டிரைவர், விசில் கொடுத்துவிட்டு மெல்ல நகர்த்தினார். அலை ரயிலையே விழுங்கிவிட்டது. 115 என்பது டிக்கெட் கணக்கில் வந்தவர்கள் மட்டும்தான். புயலில் மொத்தம் இறந்தவர்கள் சுமார் 1,800 பேர் என்று மதிப்பிட்டார்கள். வங்கியில் நாங்கள் பைசா பிசகாமல் கணக்கை நேர் செய்வோம். இந்தக் கணக்கு மட்டும் 'சுமார்' என்றே நின்றுவிட்டது.

பாம்பன் பாலத்தின் 145 கர்டர்களில் 126 கடலில் விழுந்தன. சீரமைக்க ரயில்வே கொடுத்த அவகாசம் ஆறு மாதம். பொறியாளர் இ. ஸ்ரீதரனின் குழு 46 நாளில் முடித்தது. ஆனால் தனுஷ்கோடிக்கு ரயில் திரும்பவில்லை. மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்த பிறகு, முன்பு மணலில் வேனில் குலுங்கிப் போன இடத்துக்கு இப்போது சொந்தக் காரிலேயே போகிறோம்.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பட்டாசுத் தொழில் நமக்கு ஓய்வு தரும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களே வங்கக் கடலில் புயல் உருவாகும் மாதங்களும். 1964-இல் தந்தியும் தொலைபேசியும் அறுந்துபோய், பாம்பனில் இருந்தவர்களுக்குத் தனுஷ்கோடியின் நிலை தெரியவில்லை. இன்று வானிலை எச்சரிக்கை நம் கைப்பேசிக்கே வந்துவிடுகிறது. லாட்ஜுக்குக் கட்டிய முன்பணம் போய்விடுமே என்று அதை ஒதுக்கிவிட்டுக் கிளம்பக் கூடாது. முன்பணம் போனால் சிறு நஷ்டம், அவ்வளவுதான்.

நல்ல வானிலையில் அவசியம் போய் வாருங்கள். அரிச்சல்முனையில் நீரோட்டம் கடுமையானது, குளிக்க இறங்காதீர்கள். மாலைக்குள் திரும்பிவிடுங்கள். தண்ணீர் பாட்டிலை மணலில் போடாமல் காரிலேயே கொண்டு வாருங்கள். அங்கே இன்னும் ஓலைக் குடிசைகளில் மீனவர்கள் வாழ்கிறார்கள். அவர்கள் விற்கும் சங்கையோ மீனையோ அதிகம் பேரம் பேசாமல் வாங்குங்கள். இடிந்த சர்ச்சின் முன் படம் எடுத்துக்கொள்ளும்போது, அது ஒரு காலத்தில் திருமணங்கள் நடந்த இடம் என்பதைக் கூட வந்திருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.