கடல் கடந்து கற்ற இந்திய மாணவர்

கல்வியின் பொருட்டுக் கடல் கடத்தல் இந்தியர்க்கு எளிதில் வாய்த்த செயலன்று. பெரும் பொருட்செலவும், பல வாரக் கப்பற் பயணமும், சாதியாரின் விலக்கும் வழியை மறித்து நின்றன. அவ்வாறிருந்தும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய மாணவர் மேனாடு சென்றமைக்குக் காரணம் யாது? அந்நிய மோகமே என்பாருமுளர். வரலாறு வேறு விடை தருகின்றது.

முதலாவது காரணம் உத்தியோகம். இந்திய சிவில் சேவைக்குரிய போட்டிப் பரீட்சை 1855இல் தொடங்கிற்று. இந்தியாவை ஆள்வோரைத் தெரியும் அப்பரீட்சை இலண்டனிலேயே நடைபெற்றது. 1863இல் சத்தியேந்திரநாத தாகூர் அதிலே தேறிய முதல் இந்தியரானார். 1878 முதல் பரீட்சார்த்திகளின் வயதெல்லை 19 ஆகக் குறைக்கப்பட்டது. அதனால், அந்நிய மொழியில் ஆங்கில இளைஞரோடு போட்டியிட விரும்பிய இந்தியன் பள்ளிப் பருவத்திலேயே தாய்நாட்டை நீங்க வேண்டியவனானான். தாமும் அப்பரீட்சையிலே தேறியவரான சுரேந்திரநாத பானர்ஜி இம்மாற்றத்தை எதிர்த்து நாடெங்குஞ் சென்று பேசினார். 1892இல் வயதெல்லை 23 ஆக உயர்த்தப்பட்டது. எனினும், பரீட்சை இந்திய மண்ணிலும் நடைபெறுதற்கு 1922 வரை, அஃதாவது 67 ஆண்டுகள், காத்திருக்க நேர்ந்தது.

இரண்டாவது காரணம் தொழில். காந்தியடிகள் 1888இல் தமது பதினெட்டாம் வயதில் இலண்டன் சென்றமை இதற்குத் தக்க சான்று. உள்நாட்டிற் பீ. ஏ. பட்டம் பெற நான்கைந்து ஆண்டுகள் செல்லும்; அதனாற் கிடைப்பது அறுபது ரூபாய் வேலையே; பாரிஸ்டராதற்கோ மூன்றாண்டு போதும் என்று குடும்ப நண்பராகிய மாவ்ஜி தவே கணக்கிட்டுரைத்தார். பம்பாயிலிருந்த சாதியார் அவரை விலக்கி வைத்தனர். ஆயினும் அவர் கப்பலேறினார்.

மூன்றாவது காரணம் அறிவு வேட்கை. பிரபுல்ல சந்திர ராய் கில்கிரிஸ்ட் புலமைப்பரிசில் பெற்று 1882இல் எடின்பரோ சென்றார். 1887இல் இரசாயனத்தில் விஞ்ஞான கலாநிதிப் பட்டம் பெற்றார். தாயகம் மீண்டு, 1889இல் கல்கத்தாப் பிரசிடென்சிக் கல்லூரியிலே ஆசிரியராயமர்ந்தார். வங்காள இரசாயனத் தொழிற்சாலையையும் நிறுவினார். அவரிடம் பயின்ற மாணவருள் ஒருவர் சத்தியேந்திரநாத போசு. அதுவரை மேனாடு காணாத போசு 1924இல் டாக்காவிலிருந்து ஐன்ஸ்டீனுக்கு அனுப்பிய கட்டுரையை அவ்வறிஞரே ஜெர்மன் மொழியிற் பெயர்த்து வெளியிடச் செய்தார். ஆசிரியர் கடல் கடந்து தேடியதன் பயனை மாணவர் தம்மூரிலேயே பெற்றார் எனல் மிகையாகாது.

ஜாம்ஷெட்ஜி தாதாவின் செயலும் இவ்வுண்மையையே உணர்த்தும். 1892இல் அவர் இந்திய மாணவர் மேனாட்டிற் கற்பதற்கு நிதி நிறுவினார். மேனிலை விஞ்ஞானக் கல்வியை இந்தியாவிலேயே வழங்குதற்கு ஒரு கழகம் வேண்டுமெனவும் முயன்றார். அவர் மறைந்த பின்னர், 1909இல், அது பெங்களூரில் இந்திய விஞ்ஞானக் கழகமாக உருப்பெற்றது. மாணவரை அனுப்புதலும் உள்ளூரிற் கல்விக்கூடம் அமைத்தலும் ஒரே நோக்கத்தின் இரு கூறுகள் என்பதை அவர் நன்குணர்ந்திருந்தார்.

ஆதலின் மேனாடு செல்வோரைப் பழித்தலும், சென்றமை ஒன்றனையே பெருமையெனப் போற்றுதலும் பொருந்தா. தாயகத்தில் எக்கதவு அடைபட்டிருந்தமையால் அவர் சென்றார் என்பதும், மீண்டு வந்து பின்வருவோர்க்கு அக்கதவைத் திறந்தாரா என்பதுமே ஆராயத்தக்கன. இவ்விரு வினாக்களையும் மாணவர் உளங்கொள்வாராக.