ஓடிவந்த சொல்

சுந்தரபாண்டியத்துத் தறிக்காரர் ஒருவரிடம் "எப்படி இருக்கீங்க அண்ணாச்சி?" என்று கேட்டால், "ஏதோ ஓடுது" என்பார். தறி ஓடுகிறது, பொழுது ஓடுகிறது, குடும்பம் ஓடுகிறது. எல்லாமே அந்தப் பதிலில் அடக்கம். இதே ஊர்ப் பிள்ளைகள்தான் ஆங்கிலத்து 'ரன்' என்ற வினைக்கு இத்தனை பொருளா என்று மலைக்கிறார்கள். அந்தச் சொல் வந்த வழி தெரிந்தால் மலைப்பு பாதி குறையும்.

ஆயிரம் ஆண்டுக்கும் மூத்த சொல் அது. பழைய ஆங்கிலத்திலேயே ஆளும் ஓடினான், ஆறும் ஓடியது. அதன் ஜெர்மன் உறவுக்காரச் சொல்லான 'ரின்னன்' இன்றும் நீர் ஒழுகுவதைத்தான் சொல்கிறது. நம் 'ஓடு'வுக்கும் தண்ணீரோடு அதே உறவு உண்டு. 'ஓடை' அதில் பிறந்த சொல். பிறகு கடிகாரம் வந்தது, நீராவி இயந்திரம் வந்தது, ரயில் வந்தது, கம்ப்யூட்டர் வந்தது. அத்தனையும் 'ரன்' ஆயின. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் பீட்டர் கில்லிவர் இந்த ஒரு வினையைப் பிரித்து அடுக்க ஒன்பது மாதம் உழைத்தார். 2011இல் கணக்கு வெளியானபோது 645 பொருள் தேறியிருந்தது.

தமிழுக்குள் 'ரன்' கிரிக்கெட் மட்டையோடு பெயர்ச்சொல்லாக நுழைந்தது. "ரன்னிங்ல ஏறாதே" என்று ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் கண்டக்டர் அதட்டும்போதும் அது பெயர்ச்சொல்தான். வினையாக அதற்கு இங்கே வேலை இல்லை. 'ஓடு' அந்த இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. எனக்கு அதில் பெருமைதான்.

நம்மிடம் கூடுதலாக ஒரு வசதியும் உண்டு. தானே போவது 'ஓடு', போகவைப்பது 'ஓட்டு'. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ரன்'தான். வ.உ.சி.யைக் கப்பலோட்டிய தமிழன் என்கிறோம். அவர் சுக்கான் பிடித்தவர் அல்லர். 1906இல் சுதேசிக் கம்பெனி தொடங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டவர். கம்பெனியை 'ரன்' பண்ணுவது என்று ஆங்கிலத்தில் சொல்கிறார்களே, அந்தப் பொருள் அந்த 'ஓட்டிய'வுக்குள் அப்படியே இருக்கிறது.

வழி பிரியும் இடங்களும் உண்டு, அங்கேதான் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள். துவைத்த சேலையில் ஒரு நிறம் இன்னொன்றில் இறங்கினால் நாம் "சாயம் போகுது" என்போம். ஆங்கிலத்தில் அந்தச் சாயம் 'ரன்' ஆகிறது. மூக்கு நமக்கு ஒழுகும், அவர்களுக்கு ஓடும். அமெரிக்க வேட்பாளர் தேர்தலில் ஓடுகிறார். பிரிட்டன் வேட்பாளர் நிற்கிறார், நம்மவரும் நிற்கிறார்.

ஆங்கிலம் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அகராதிப் பட்டியலைக் கரும்பலகையில் எழுதுவதற்கு முன்னால், "நம்ம ஊர்ல என்னென்ன ஓடுது?" என்று வகுப்பில் ஒருமுறை கேளுங்கள். தறிக்காரர் வீட்டுப் பிள்ளை முதலில் கை தூக்கும்.