லண்டன் கோபுரம்

லண்டன் மாநகரில் தேம்ஸ் ஆற்றின் வடகரையில் உள்ள அரச கோட்டை. 1066-இல் இங்கிலாந்தைக் கைப்பற்றிய நார்மானிய மன்னர் முதலாம் வில்லியம் இதைக் கட்டத் தொடங்கினார். லண்டன் மக்களைக் காப்பது அவரது நோக்கமல்ல. அவர்களை மிரட்டி அடக்கி வைப்பதே நோக்கம். நடுவிலுள்ள வெள்ளைக் கோபுரத்தின் பணி 1070-களின் இறுதியில் ரோச்செஸ்டர் ஆயர் குண்டல்ஃபின் மேற்பார்வையில் தொடங்கியது. உயரம் 27 மீட்டர். அடிச்சுவரின் கனம் சில இடங்களில் 4.5 மீட்டர். வாசலைத் தரைமட்டத்தில் வைக்காமல் மேலே வைத்து, ஆபத்து வந்தால் அகற்றிவிடக்கூடிய மரப்படிகளை அமைத்தார்கள். சுற்றியுள்ள இரட்டை மதிலும் அகழியும் 13-ஆம் நூற்றாண்டில் மூன்றாம் ஹென்றியும் அவர் மகன் முதலாம் எட்வர்டும் கட்டியவை.

சிறை என்றே பெயரெடுத்தாலும், அரசர்கள் இதைத் தங்கள் பெட்டகமாகத்தான் நடத்தினார்கள். ஆயுதச் சாலை, அரசு ஆவணக் காப்பகம், மணிமுடிக் கருவூலம் எல்லாம் இங்கேயே இருந்தன. முதலாம் எட்வர்ட் காலம் முதல் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இரு மதில்களுக்கும் இடைப்பட்ட சந்தில் நாணயம் அச்சிட்டார்கள். ஐசக் நியூட்டன் 1696-இல் இந்த அக்கசாலையில்தான் பொறுப்பேற்றார். பிற நாட்டு மன்னர்கள் அனுப்பிய விலங்குகளும் இங்கே வளர்ந்தன. 1252-இல் நார்வேயிலிருந்து வந்த வெள்ளைக் கரடியைச் சங்கிலியில் கட்டி, தேம்ஸில் மீன் பிடிக்க விடுவார்களாம். 1255-இல் பிரெஞ்சு மன்னர் அனுப்பிய யானை இரண்டே ஆண்டுகளில் இறந்துபோனது. விலங்குச் சாலை 1830-களில் மூடப்பட்டது.

இங்கே அடைபட்ட முதல் முக்கியக் கைதி, வரி வசூலில் கெட்ட பெயர் வாங்கிய ஆயர் ரனுல்ஃப் ஃபிளாம்பார்ட். மதுப் பீப்பாய்க்குள் ஒளித்து வந்த கயிறு அவருக்குக் கிடைத்தது. காவலர்களுக்கு மூக்குமுட்ட ஊற்றிக் கொடுத்துவிட்டு, 1101-இல் அதே கயிற்றில் இறங்கித் தப்பினார். பிற்காலக் கைதிகளுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. எட்டாம் ஹென்றியின் மனைவி ஆன் போலின் 1536-இலும், சில நாட்களே அரசியாக இருந்த ஜேன் கிரே 1554-இலும் கோட்டைக்குள்ளேயே தலை வெட்டப்பட்டார்கள். பெரும்பாலான தண்டனைகள் வெளியே டவர் ஹில் மேட்டில் கூட்டத்தின் முன் நிறைவேறின. உள்ளே டவர் கிரீன் புல்வெளியில் தலை இழந்தவர்கள் 7 பேரே. இரு உலகப் போர்களின்போது உளவாளிகள் என்று இங்கே சுட்டுக் கொல்லப்பட்டவர்களோ 12 பேர். எட்டாம் ஹென்றியின் வம்சமான டியூடர்களின் காலக் கொடூரத்தை மட்டும் பேசுபவர்கள் இந்தக் கணக்கை மறந்துவிடுகிறார்கள். கடைசியாகக் கொல்லப்பட்ட ஜெர்மானிய உளவாளி யோசஃப் யாகோப்ஸ், கணுக்கால் முறிந்திருந்ததால், 1941 ஆகஸ்ட் 15 அன்று நாற்காலியில் உட்காரவைத்துச் சுடப்பட்டார்.

1988 முதல் இந்தக் கோட்டை யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னம். மணிமுடிக் கருவூலத்தைப் பொதுமக்கள் பார்க்கலாம். 1849-இல் 10 வயதுச் சிறுவனான பஞ்சாப் மன்னர் துலீப் சிங்கிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி ஒப்பந்தம் போட்டு எடுத்துக்கொண்ட கோஹினூர் வைரமும் அங்கே ஒரு முடியில் பதிந்திருக்கிறது. இந்தியாவும் பாகிஸ்தானும் திருப்பிக் கேட்டும் பிரிட்டன் அதைத் தரவில்லை.