எடுபடும் பேச்சு: மேடையும் கூட்டமும் பற்றிச் சில குறிப்புகள்

‘பேச்சு எடுபடவில்லை’ என்பது கூட்டம் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது நம் தோழர்கள் சொல்கிற வாசகம். சொன்ன கையோடு காரணத்தையும் சொல்லிவிடுவார்கள்: மொழி கடினம், சனங்களுக்குப் புரியவில்லை, கொஞ்சம் இறங்கிப் பேசியிருக்கணும். இந்த ‘இறங்கி’ என்ற சொல்லுக்குள் ஒரு முழு அரசியல் உட்கார்ந்திருக்கிறது. மேலே பேசுகிறவர், கீழே சனம், நடுவில் மொழி என்கிற ஏணி. தமிழ் மேடையின் வரலாறு இந்த ஏணிக் கணக்குக்கு ஒத்துவரவில்லை என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

தமிழில் ‘கூட்டம்’ என்ற சொல் நிகழ்ச்சியையும் குறிக்கும், அதில் கூடியிருக்கும் சனத்தையும் குறிக்கும். இன்ன தேதியில் கூட்டம் என்று தட்டி வைக்கிறோம். நல்ல கூட்டம் என்று திரும்பி வருகிறோம். பேச்சு தொடங்குமுன்பே கூட்டம் என்று ஒன்று தயாராக இருப்பதுபோலவும், பேச்சாளன் அதன் மனசைத் தொட்டால் போதும் என்பதுபோலவும் இந்தச் சொல் நம்மை நம்பவைக்கிறது. ஆனால் தெருக்கூத்துக்கும் காலட்சேபத்துக்கும் கூடிய சனம் அரசியல் கூட்டத்தின் சனம் ஆகிவிடவில்லை. முன்னதில் கதை எல்லோருக்கும் தெரியும். யார் எங்கே உட்காரலாம் என்பதும் தெரியும். பின்னதில் இரண்டுமே புதிதாகத் தீர்மானிக்கப்பட வேண்டியிருந்தது.

எம்.ஏ. வகுப்பில் எங்களுக்கு உரைநடையின் தோற்றமும் வளர்ச்சியும் பாடமாக இருந்தது. பேச்சுக்கு அப்படி ஒரு பாடம் கிடையாது. பேச்சு இயற்கையானது, அதற்கு வரலாறு எதற்கு என்ற நினைப்பு. மதுரையில் மேடைத்தமிழை ஆராய்ந்து 2009இல் நூல் வெளியிட்ட மானிடவியலாளர் பெர்னார்ட் பேட் இந்த நினைப்பை உடைத்தார். அவர் மறைவுக்குப் பின் 2021இல் வந்த இன்னொரு நூல், தமிழின் பொதுமேடைப் பேச்சைப் புரோட்டஸ்டண்டுப் பிரசங்கத்தின் வழிவந்ததாகக் காண்கிறது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு தொடங்கி, முன்பின் தெரியாத சனத்தை, சாதி பார்க்காமல் (கொள்கையளவிலாவது), ஒரே சபையாக விளித்துப் பேசுவது என்கிற பழக்கம் உண்டாயிற்று. யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாரோடு பைபிள் மொழிபெயர்ப்பில் வேலை செய்த ஆறுமுக நாவலர், 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் பிரசங்கத்தைத் தொடங்கினார். பாதிரிமாரின் வடிவத்தை எடுத்துப் பாதிரிமாருக்கு எதிராகத் திருப்பினார். ஆனால் அந்த வடிவம் கோயிலுக்குள் போனபோது கோயிலுக்குள் போகமுடியாதவர்கள் கேட்போர் ஆகவில்லை. வடிவம் கடன் வாங்கப்பட்டது, சபை கடன் வாங்கப்படவில்லை.

1887 டிசம்பரில் காங்கிரசின் மூன்றாவது மாநாடு சென்னையில் கூடியது. வக்கீல்களும் பத்திரிகையாளர்களும் ஆங்கிலத்தில் தீர்மானங்களை முன்மொழிந்த அந்தப் பந்தலில் தஞ்சாவூர்க் கைவினைஞர் மூக்கன் ஆசாரி தமிழில் பேசினார். தேசிய வரலாறு இதைப் பெருமையோடு நினைவுகூர்கிறது. நாம் கவனிக்கவேண்டியது வேறு. அந்தப் பந்தலில் அவர் யாரோடு பேசினார்? தமிழ் தெரியாத பம்பாய், வங்காளப் பிரதிநிதிகளுக்கு அவருடைய சொல் எட்டியிருக்காது; அவர் அங்கே நின்றதுதான் எட்டியிருக்கும். சனம் மேடையில் காட்சியாக வைக்கப்பட்டது, கேட்பதற்கு ஆளில்லை. ஆறு வருஷம் கழித்து, 1893 டிசம்பரில், இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் ஒரு கூட்டம் கூட்டினார். சிவில் சர்வீஸ் தேர்வை இந்தியாவிலும் நடத்தவேண்டும் என்ற காங்கிரசின் கோரிக்கையை எதிர்த்து ஒடுக்கப்பட்டோர் திரண்ட கூட்டம் அது. அங்கே கேட்போர் யாருடைய அலங்காரமும் இல்லை. தங்களை ஆளப்போவது எந்தச் சாதி என்ற கேள்வியோடு வந்தவர்கள். 3,000க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனு இலண்டனுக்குப் போயிற்று. தமிழ்ப் பொதுமேடையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இதை ஏன் ‘மனு வரலாறு’ என்று தனியே ஒதுக்குகிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

சுதேசிக் காலத்தில்தான் தமிழ்ப்பேச்சு தெருவுக்கும் கடற்கரைக்கும் பரவலாக வந்தது. 1908 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தூத்துக்குடியில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பேசிய பேச்சுகளை இந்தப் பார்வையில் திரும்பப் படிக்க வேண்டும். கோரல் மில் வேலைநிறுத்தம் பிப்ரவரி 27இல் தொடங்கியது; பத்து நாட்களுக்குள் தொழிலாளர் கூலி உயர்வு பெற்றனர். மார்ச் 12இல் இருவரும் கைதாயினர். மறுநாள் திருநெல்வேலி எரிந்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் செத்தனர். ஜூலையில் நீதிபதி பின்ஹே, வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனையும் சிவாவுக்குப் பத்தாண்டுத் தண்டனையும் விதித்தார். வழக்கில் முக்கியச் சாட்சியம், போலீசார் எடுத்த பேச்சுக் குறிப்புகள். எடுபட்ட பேச்சு எது என்பதை முதலில் மிகச் சரியாகப் புரிந்துகொண்டது இலக்கிய விமர்சகன் இல்லை, அரசு! சுயராஜ்யம் என்கிற சொல்லை வக்கீல்கள் அதற்கு முன்பும் பேசினார்கள், யாரும் நாற்பது வருஷம் தீட்டவில்லை. ஆலைக்காரனின் கூலியும் சுயராஜ்யமும் ஒரே மேடையில், ஒரே மூச்சில் பேசப்பட்டபோது, ஆலையில் வேலை செய்கிறவனும் கடைக்காரனும் வண்டிக்காரனும் ஒரே ‘நாம்’ ஆனார்கள். தண்டனை அந்த ‘நாம்’ என்பதற்குத்தான்.

அடுத்து 1918. பெரம்பூரில் ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்படுகிறது, தலைவர் பி.பி. வாடியா. பம்பாய்ப் பார்சி, தியசாபிகல் சொசைட்டிக்காரர். தமிழ் வராது. ஆங்கிலத்தில் பேசினார், பக்கத்தில் நின்றவர்கள் தமிழில் சொன்னார்கள். ‘இறங்கிப் பேசு’ என்கிற சூத்திரப்படி இந்தப் பேச்சு விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. வாடியா எடுத்துக்கொண்ட விஷயங்களில் ஒன்று மதியச் சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது. வாயில் போட்ட சோற்றை முழுங்குவதற்குள் சங்கு ஊதிவிடும் என்பது கேட்டுக்கொண்டிருந்தவனுடைய வயிற்றுக்குத் தெரியும், அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். அவரோடு துணைத்தலைவராக இருந்த திரு.வி.க.வோ தமிழாசிரியர், மேடையிலும் செந்தமிழ் நடைதான். அதுவும் எடுபட்டது. ஒரே சங்கத்தில், ஒரே ஆலைச் சனத்திடம், அந்நிய மொழியும் செந்தமிழும் இரண்டுமே செல்லுபடியானதை எந்த ஏணியால் விளக்குவது?

ஆனால் கதை இங்கே முடிந்துவிடவில்லை. 1921இல் பின்னி ஆலை வேலைநிறுத்தம் நடந்தபோது ‘தொழிலாளர்களே’ என்று விளிக்கப்பட்ட அதே கூட்டம் சாதிவழியில் இரண்டாகப் பிளந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளரில் பெரும்பகுதியினர் வேலைக்குப் போனார்கள், புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, மாதக்கணக்கில் மோதல். நிர்வாகத்தின் சூழ்ச்சி என்று இதை முடித்துக்கொள்வது சுலபம். சூழ்ச்சி இருந்திருக்கலாம். ஆனால் பட்டினி எல்லோருக்கும் ஒரே நாளில் வருவதில்லை என்பதையும், சேரி ஆளின் குரல் சங்கத் தலைமையில் எந்த அளவுக்குக் கேட்டது என்பதையும் விட்டுவிட்டு இந்தப் பிளவைப் பேசமுடியாது. ஒரு விளிப்பு சனத்தைச் சேர்க்கும்போதே எதையோ மறைத்துத்தான் சேர்க்கிறது. அல்துஸ்ஸர், கருத்தியல் மனிதரை விளித்துத் தன்னிலையாக்குகிறது என்றார். பெரம்பூர் காட்டுவது, விளிக்கப்பட்டவன் ஒருநாள் திரும்பிப் பார்க்காமலும் போகலாம் என்பதை.

பெரியார், அண்ணா இருவரையும் நடைவேறுபாட்டுக்கு உதாரணமாகக் காட்டுவது நம் வழக்கம்: ஒருவர் கொச்சை, மற்றவர் அடுக்குமொழி. பேட் சொல்வது இதைவிடக் கூர்மையானது. திராவிட மேடையின் செந்தமிழ் சனத்தின் பேச்சிலிருந்து விலகிப்போனதனாலேயே சனத்தை ஈர்த்தது. கேட்டவன் தன்னை ஒரு தொன்மையான இனத்தின் வாரிசாக அதில் கண்டுகொண்டான். 1943இல் சென்னைச் சட்டக்கல்லூரியில் கம்பராமாயணம் பற்றி அண்ணா ரா.பி. சேதுப்பிள்ளையோடு மோதியதை நினைத்துப் பாருங்கள். இருவருமே அடுக்குமொழிக்குப் பேர்போனவர்கள். பண்டிதரின் மொழியைப் பண்டிதருக்கு எதிராகப் பேசிக்காட்டியதில், அதுவரை பண்டிதச் சபைக்கு வெளியே நின்றவன் நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்தான். ஒலிபெருக்கி பரவிய காலமும் அதுதான். கத்தவேண்டிய தேவை போனதும், நிறுத்தி நிதானித்து ஓசை கூட்ட மேடையில் இடம் கிடைத்தது.

பேட் எழுதியதில் எனக்குப் போதாமையாகப் படுவது பெரியாரின் இடம். பெரியார் மணிக்கணக்கில் பேசினார். நான் சொல்வதால் நம்பாதே, யோசித்துப் பார் என்றார். எதிர்க்கேள்விகளைச் சீட்டில் எழுதி அனுப்பச் சொல்லி மேடையிலேயே பதில் சொன்னார். அந்தத் துண்டுச்சீட்டை நான் நடையைவிட முக்கியமாக நினைக்கிறேன். கேட்கிறவன் கைதட்டவோ எழுந்துபோகவோ மட்டும் விதிக்கப்பட்டவன் இல்லை, குறுக்கிடவும் உரிமை உள்ளவன் என்பது அதன் பொருள். மேடை தன் மேல் ஒரு பிடியைக் கூட்டத்தின் கையில் கொடுக்கிறது. 1938 நவம்பர் 13இல் சென்னையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடுதான் அவருக்குப் ‘பெரியார்’ என்ற பட்டத்தை வழங்கித் தீர்மானம் போட்டது. கேட்போராக வந்திருக்கக்கூடிய பெண்கள், தங்கள் மாநாட்டில் பேசுகிறவருக்குப் பெயர் வைக்கிறவர்கள் ஆனார்கள்.

பின்னால் வந்த மேடைகளில் சீட்டு போய்விட்டது. அடுக்குமொழி தங்கியது, சால்வை வந்தது, ‘அவர்களே, அவர்களே’ என்று விளிப்பே அரைமணி நேரம் நீண்டது. விளிக்கப்படுகிறவர்கள் மேடையில் இருக்கிறவர்கள். கீழே இருப்பவர்களுக்குக் கடைசியில் ஒரு ‘பொதுமக்களே’. நம் இடதுசாரி, தலித், பெண்ணியக் கூட்டங்களும் இந்தச் சடங்கிலிருந்து ரொம்ப தூரம் விலகிவிட்டன என்று சொல்லமுடியாது. கருத்தரங்கில் ஏழு பேர் பேசுகிறார்கள், ‘நேரமின்மை காரணமாக’ விவாதம் ரத்தாகிறது. அப்புறம் பேச்சு எடுபடவில்லை என்று மொழியைக் குற்றம் சொல்கிறோம்.

ஆகவே, எளிமையா கடினமா என்று தொடங்குகிற விவாதத்தில் எனக்கு ஆர்வமில்லை. தூத்துக்குடியும் பெரம்பூரும் கேட்கச் சொல்கிற கேள்விகள் வேறு. இந்த மேடை யாரை ‘நாம்’ என்கிறது, யாரைச் சொல்லாமல் விடுகிறது, விடப்பட்டவர் அதை எந்த நேரத்தில், எந்த வழியில் மேடைக்குச் சொல்லமுடியும்? அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலை எழுதும்போது ஏழு பேச்சாளரை மூவராக்கி, மிச்ச நேரத்தைச் சீட்டு எழுதுகிறவர்களுக்கு விட்டுப்பாருங்கள். வருகிற கேள்விகள் நம் மொழியைத் திருத்தும். நம் முடிவுகளையும் திருத்தக்கூடும், அதற்கும் தயாராக இருக்க வேண்டும்.